ஜில்லிங்கமா கில்லிங்கமா

அக்கா பையன் டிகிரி முடிச்சிட்டு ஆறு மாசமா வீட்ல இருக்கான். போன வாரம் போன் பண்ணி "சித்தி, உங்களுக்கு முதல் வேலை எப்படி கிடைச்சுது"ன்னு கேட்டான். ரயில் என்கொயரி கால் சென்டர்டா, ஆனா நம்ம ஊர் ரயில் இல்ல, இங்கிலாந்து ரயில்னு சொன்னதும் நான் கலாய்க்கிறேன்னு நினைச்சுட்டான். அவனுக்குச் சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன்.

2004. பி.காம் முடிச்சிட்டு ஜோலார்பேட்டைல இருந்தேன். அப்பா ரயில்வேல பாயின்ட்ஸ்மேன், வண்டிய லைன் மாத்தி விடற வேலை, வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸ்ல. எங்க வீட்ல கடிகாரத்த யாரும் பெருசா பாக்க மாட்டோம், "பிருந்தாவன் போயிடுச்சா, அப்ப உலை வைக்கணும்"னு தான் அம்மா சொல்வாங்க. அந்த பிருந்தாவன்லயே ஏறி பெங்களூர் போயி, மடிவாளால ஃப்ரெண்ட் ரூம்ல தங்கி, பேப்பர்ல வர்ற வாக்-இன் இன்டர்வியூ ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். மூணு இடத்துல "எம்.டி.ஐ ஜாஸ்தி"ன்னு அனுப்பிட்டாங்க. எம்.டி.ஐன்னா தாய்மொழி வாடையாம், இங்கிலீஷ் பேசும்போது தமிழ் எட்டிப் பாக்குதாம். பாக்காம என்ன செய்யும்.

நாலாவது இடத்துல எந்த ப்ராஸஸ், அதாவது எந்தக் கம்பெனிக்கான வேலைன்னே சொல்லல. ஏதாவது ஒரு டாபிக் எடுத்து ரெண்டு நிமிஷம் பேசுன்னாங்க. எனக்கு முன்னாடி போனவங்க எல்லாம் மை ஃபேமிலி, மை ஹாபின்னு போயிட்டு இருந்தாங்க, எனக்கு வாய்ல வந்தது எங்க ஊர் ஜங்ஷன் தான். சென்னைல இருந்து வர்ற லைன் எங்க ஊர்ல ரெண்டா பிரியும், ஒண்ணு பெங்களூர், இன்னொண்ணு சேலம் ஈரோடு வழியா கோயம்புத்தூர், அதனால தூக்கத்துல தப்பு வண்டில ஏறினவங்க எல்லாம் எங்க ஊர் பிளாட்ஃபார்ம்ல தான் முழிச்சுக்கிட்டு நிப்பாங்க, அவங்ககிட்ட மொதல்ல எங்க போகணும்னு கேக்கணும், எந்த வண்டில வந்தீங்கன்னு அப்புறம் கேட்டா போதும்னு என்னென்னவோ சொன்னேன். அந்த மேடம் பேனாவ கீழ வச்சிட்டு சிரிச்சாங்க. மறுநாள் ஆஃபர் லெட்டர், மாசம் ஒன்பதாயிரம், வேலைக்குக் கூட்டிட்டுப் போக வீட்டு வாசல்ல டாடா சுமோ.

பிரிட்டிஷ் ரயில்வேய 90கள்ல பிரிச்சு தனியாருக்குக் குடுத்தப்ப பயணிகள் வண்டி ஓட்ட மட்டும் இருபத்தஞ்சு கம்பெனி ஆச்சு. எந்த வண்டி யாருதுன்னு ஜனங்களுக்கு எப்படி தெரியும், அதுக்காக எல்லாத்துக்கும் பொதுவா நேஷனல் ரயில் என்கொயரிஸ்னு ஒரே நம்பர், அப்ப 08457 48 49 50. அதுக்கு வர்ற கால்ல ஒரு பங்கு தான் பெங்களூருக்கு வந்துச்சு.

ட்ரெயினிங்ல சுவர் முழுக்க மேப். எழுதறது ஒண்ணு, சொல்றது இன்னொண்ணு. லீசெஸ்டர்னு எழுத்துக் கூட்டினா லெஸ்டர்ங்கறாங்க, வொர்செஸ்டர் வூஸ்டராம், ரீடிங் ரெடிங்காம். திருவல்லிக்கேணிய ட்ரிப்ளிகேன்னு ஆக்கினவங்க, சொந்த ஊர் பேர மட்டும் விட்டு வச்சிருப்பாங்களான்னு பின்னாடி பெஞ்ச்ல நாங்க ரெண்டு தமிழ் ஆளுங்க பேசிக்குவோம். லிவர்பூல் ஸ்ட்ரீட்னு ஸ்டேஷன் லண்டன்ல இருக்கு, ஆனா லிவர்பூல் போகணும்னா அங்க போகக் கூடாது, யூஸ்டன் போகணும். க்ரூன்னு ஒரு ஊர், ரயில் வந்ததால தான் ஊரே உண்டாச்சு, நாலா பக்கமும் லைன் பிரியும். அத மட்டும் நான் ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணிட்டேன், நம்ம ஊர் தானே அது.

நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதைய சொல்லணும். கென்ட் பக்கம் ஒரு ஊர், ஜில்லிங்கம். கில்லிங்கம்னு படிக்காதீங்க, ஜ-ன்னு சொல்லுங்கன்னு ட்ரெய்னர் அடிச்சு சொல்லிருந்தார். லைவ் போன, அதாவது நிஜ கால் எடுக்க ஆரம்பிச்ச, மூணாவது நாள் ஒரு பெரியவர், லண்டன்ல இருந்து கில்லிங்கம் போகணும்ங்கறார், அழுத்தமா கி. பாவம் தப்பா சொல்றார்னு நான் மனசுக்குள்ள திருத்திக்கிட்டு, விக்டோரியால ஏறுங்க, ஒரு மணி நேரம் கூட ஆகாதுன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "நான் எப்பவும் வாட்டர்லூல தானேம்மா ஏறுவேன், ரெண்டு மணி நேரம் ஆகுமே"ன்னார். டோர்செட்ல இன்னொரு ஊர் இருக்கு, அதே ஸ்பெல்லிங், அது கில்லிங்கம் தான். நாலு பேர் நடுவுல அந்த ரெக்கார்டிங்க போட்டுக் காட்டினாங்க. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல.

கட்டணம் அதுக்கு மேல. அப்பல்லாம் சேவர், சூப்பர் சேவர், சீப் டே ரிட்டர்ன்னு டிக்கெட், காலைல கூட்ட நேரத்துக்கு ஒரு விலை, அது தாண்டினா ஒரு விலை. சில ரூட்ல ஒன்வே டிக்கெட்டுக்கும் அன்னைக்கே திரும்பி வர்ற டிக்கெட்டுக்கும் வித்தியாசம் அவங்க ஊர் காசுல பத்து பென்ஸ் தான். முதல் வாரம் கம்ப்யூட்டர் தப்புன்னே நினைச்சேன். மார்ச் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி வித்தியாசம் நாலரை ஆயிடும், எங்க ஷிஃப்ட் நகரும், சுமோ டிரைவர் அண்ணனுக்கு மட்டும் அது கடைசி வரைக்கும் புரியல, "அதெப்படிம்மா ஊரே சேர்ந்து டைம மாத்தும்"பார்.

திட்டறவங்களும் உண்டு. நீ இந்தியால இருந்து பேசறியா, உனக்கு எங்க ஊர் பத்தி என்ன தெரியும்னு வைப்பாங்க. கோவம் வரும், ஆனா ஞாயித்துக்கிழமை லைன்ல வேலை நடக்குதுன்னு ரயிலுக்கு பதிலா பஸ்ல ஏத்திவிட்டா யாருக்குத்தான் கோவம் வராது, வாய்க்கு கிடைச்சது நான்.

2005 ஜூலை 7, வியாழக்கிழமை. மதிய ஷிஃப்ட், நம்ம நேரம் ஒண்ணரை. உக்காந்து ஹெட்செட் மாட்டறதுக்குள்ள போர்டுல வெயிட்டிங் கால் ஏறிக்கிட்டே போகுது. முதல்ல பவர் கோளாறுன்னு தான் சேதி வந்துச்சு. அப்புறம் தான் குண்டுன்னு தெரிஞ்சுது, லண்டன் சுரங்க ரயில்ல மூணு, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பஸ்ல, அம்பத்திரண்டு பேர் செத்தாங்க. சுரங்க ரயில் மொத்தமும் நிறுத்திட்டாங்க. அன்னைக்கு டிக்கெட் விலை யாரும் கேக்கல. எப்படி வீட்டுக்குப் போறது, எந்த ஸ்டேஷன் திறந்திருக்கு, நடந்தே போனா எது பக்கம். ஒரு அம்மா, பொண்ணு பீட்டர்பரோல இருந்து காலைல ஏறினாளாம், லண்டன் கிங்ஸ் க்ராஸ்க்கு எத்தனை மணிக்குப் போயிருக்கும்னு கேட்டாங்க. பாத்து சொன்னேன். அதுக்கு முன்னாடி வண்டின்னா எத்தனை மணிக்குன்னாங்க. அதையும் சொன்னேன். பின்னாடி வண்டி. பேனா கீறற சத்தம் கேட்டுச்சு, எழுதிக்கிட்டாங்க. பொண்ணு எந்த வண்டில போனான்னு அவங்களுக்குத் தெரியல, எனக்கும் தெரிய வழியில்ல. கால ரெண்டு நிமிஷத்துல முடிக்கணும்னு எப்பவும் கத்தற டீம் லீடர் அன்னைக்கு பக்கத்துல நின்னு ஒண்ணும் சொல்லல.

ரெண்டு வருஷம் அங்க இருந்தேன், அப்புறம் கல்யாணம், சென்னை, வேற வேலை. ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போன் பண்ணா அப்பா சம்பளத்தப் பத்தி ஒரு நாளும் கேட்டதில்ல. "அங்க சிங்கிள் லைனா டபுள் லைனாம்மா"ம்பார். அந்த வாட்டர்லூ கில்லிங்கம் ரூட்ல சாலிஸ்பரி தாண்டினா பெரும்பாலும் சிங்கிள் லைன்பான்னு சொன்னேன் ஒரு தடவை. அப்ப எதிர் வண்டிக்கு க்ராஸிங் எங்க போடறான்னு உடனே கேட்டார்.