ராணியின் வயிற்றில் என்ன நிறம்?

மார்ச் 9, 2025, கீழக்கரை

நான் வளர்க்கும் போவா பாம்பு ராணி இன்று சட்டை உரித்தாள். உதட்டிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டு, கிழிசலே இல்லை. சென்ற மாதம் அவள் நடு உடல் இரண்டு நாள் புடைத்து அடங்கியது, கருமுட்டை வெளிவந்ததன் அடையாளம். அதற்குப் பின் உரியும் சட்டையிலிருந்துதான் குட்டி பிறக்கும் நாளை எண்ண வேண்டும். போவா முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய 105 நாள். காலண்டரில் ஜூன் 22-ஐ வட்டமிட்டேன்.

மார்ச் 16

காக்காவின் (என் அண்ணனின்) நண்பர் ராணியைப் பார்த்துவிட்டு, "லட்சக்கணக்கில் விலைபோகும் மண்ணுளிப் பாம்பு இதுதானா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மண்ணுளி நம் மண்ணின் பாம்பு. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அதைச் சுற்றி நடக்கும் அதிர்ஷ்டக் கதைகள் அத்தனையும் பொய். ராணியின் முன்னோர் தென்னமெரிக்கக் காட்டினர், அவள் கூண்டில் பிறந்தவள். அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அவளைப் பதிந்திருக்கிறேன்; குட்டி பிறந்தால் அதையும் பதிய வேண்டும்.

ஏப்ரல் 13

இரை வேண்டாம் என்கிறாள். வயிற்றை மேலே திருப்பி வெதுவெதுப்பான மூலையில் கிடக்கிறாள். சினைப் பாம்பு இப்படிக் கிடப்பது வழக்கம் என்று உம்மாவுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.

குட்டிகளின் தகப்பன் மஞ்சள், அல்பினோ. உடலில் கருமை ஒரு துளியும் இல்லை. அது விலகியதும் அடியிலிருந்த மஞ்சளும் சிவப்பும் மேலே வந்துவிட்டன. பீட் கால் என்ற அமெரிக்க வளர்ப்பாளரின் வழியில் வந்தவன். ஷார்ப் என்று வேறொரு அல்பினோ வழி உண்டு. அதனோடு இவனைச் சேர்த்தால் குட்டி ஒன்றும் வெளுக்காது, மரபணு வேறு.

அந்த மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி வெளுக்கும். ராணி பழுப்பு நிறத்தவள். ஆனால் அவளுடைய தாயும் தகப்பனும் அல்பினோ மரபணுவை மறைவில் சுமந்தவர்கள். வெளுக்காமல் பிறந்த மகளிடமும் அது ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இருந்தால் குட்டிகளில் பாதி வெளுக்கும். நான்கு ஆண்டாக இந்த ஒரு கேள்வியோடுதான் அவளை வளர்த்தேன்.

மே 11

அக்னி நட்சத்திரம். பகல் பதினொன்றுக்குப் போன மின்சாரம் மாலை ஐந்துக்குத்தான் வந்தது. பெட்டிக்குள் 36 டிகிரி. 32-ஐத் தாண்டவே விடக்கூடாது. மீன் வாடிக்கு ஓடி ஐஸ் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தேன். 31-க்கு இறங்க ஒன்றரை மணி நேரம். உம்மா விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார், பாம்புக்கு.

ஜூன் 24

பின்னிரவு இரண்டரை. வெளியே கச்சான் காற்று பனைகளை உலுக்குகிறது. கதவைத் திறந்தபோதே வாடை சொல்லிவிட்டது. ஈரச் சவ்வுகள், அவற்றைக் கிழித்து எட்டிப் பார்க்கும் விரல் நகமளவுத் தலைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். பழுப்பு. பழுப்பு. பத்தாவதும் பழுப்பு. பதினைந்தாவதில் என் கை நடுங்கியது. மொத்தம் 19 உயிர், மெழுகு உருண்டைபோல் கருவுறாத முட்டை இரண்டு. சிவப்புக் கண் ஒன்றுகூட இல்லை.

காசைச் சுண்டி 19 முறையும் பூவே விழுவதுபோல். அப்படி விழாது. ராணியிடம் அந்த மரபணு இல்லை.

ஜூன் 25

வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இந்த 19 குட்டிகளும் தகப்பனிடமிருந்து அதை உறுதியாகப் பெற்றவை. தாயிடம் 'இருக்கலாம்' என்றிருந்தது, பிள்ளைகளிடம் 'இருக்கிறது' என்றாகிவிட்டது.

வெயிலில் ஈரம் உலர்த்தியபோதுதான் பதினேழாவது குட்டியைச் சரியாகப் பார்த்தேன். மற்றவற்றின் முதுகில் சேணம் வைத்ததுபோல் தனித்தனிப் பட்டைகள். இதற்கு அந்தப் பட்டைகள் கழுத்திலேயே உருகி ஒன்றோடொன்று கலந்து, முதுகு முழுக்க ஒரே கோடாக ஓடி, வாலருகே செங்கல் நிறத்தில் இரண்டாகப் பிரிகின்றன. திருப்பும்போது அந்தக் கோட்டின் மேல் ஊதாவும் நீலமும் வழுக்கிப் போகின்றன. ஒரு மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

இது ரத்தத்தில் வந்த கோலமா, மே 11-இன் வெக்கை போட்ட கோலமா? கருவில் வெப்பம் தவறினால் பட்டைகள் குழம்பும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். இத்தகைய குட்டிக்கு ஒரு புதுப்பெயர் சூட்டி உடனே விலை ஏற்றுபவர்கள் உண்டு. நான் மாட்டேன். இதன் குட்டிகளிலும் இதே கோடு வரும்வரை இது ஒரு குட்டியின் அழகு, அவ்வளவே.

ஜூலை 5

எல்லாக் குட்டிகளும் முதல் சட்டையை உரித்துவிட்டன. பதினேழாவது சுண்டெலிக் குஞ்சை முதல் முறையிலேயே பற்றிச் சுற்றிக்கொண்டது. ஆண். இணை சேர இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும். குறிப்பேட்டில் எழுதினேன்: கோடு, ஆண், 52 கிராம். தாய் வயிற்றில் இருந்தபோது, மே 11 பகலில், 36 டிகிரி.