தாள்களும் அவற்றின் மெய்யும்: 2025 சேர்க்கைக் கால நாட்குறிப்பு

மே 14, 2025, புதன்

பிரிட்டன் அரசு திங்களன்று வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கையைப் பற்றி, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் என்னிடம் மாணவர்களும் பெற்றோரும் காலை முதல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பட்டம் பெற்ற பிறகு அங்கேயே தங்கி வேலை தேடுவதற்கு இப்போது 2 ஆண்டுகள் தருகிறார்கள். அதை 18 மாதங்களாகக் குறைக்கப் போவதாக அறிக்கை சொல்கிறது. இது இன்னும் விதியாகவில்லை என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். ஆனால் 6 மாதங்கள் குறைந்தால் கல்விக் கடனைக் கட்ட முடியாது என்று அஞ்சுகிற குடும்பம், 2 ஆண்டுகள் முழுதாகக் கிடைத்தாலும் அந்தக் கடனைக் கட்டத் திணறத்தான் செய்யும் என்பது என் கணிப்பு.

மாலையில் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தையும் மகளும் திருச்சியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் பல் மருத்துவம் முடித்தவர்; பொதுச் சுகாதாரத்தில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு லீட்ஸ் நகரில் இடம் கிடைத்திருக்கிறது. பணமும் இருக்கிறது, ஆனால் அது பெரியப்பாவின் கணக்கில் இருக்கிறது. இதற்கு முன் போன கன்சல்டன்சியில், "உங்கள் பணத்தைத் தொடவே வேண்டாம், ஃபண்டை நாங்களே காட்டிவிடுகிறோம்" என்று சொல்லிக் கட்டணமும் பேசியிருக்கிறார்கள். யாருடைய பணத்தையோ ஒரு மாதத்துக்கு வாங்கி, மாணவரின் பெயரில் வைத்து, வங்கிக் கடிதம் பெற்றவுடன் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சொந்தப் பணம் இருக்கிற வீட்டுக்கே வாடகைப் பணத்தை விற்கத் துணிகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

பிரிட்டன் விதி கடினமானதல்ல, கண்டிப்பானது. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதங்களுக்கு 10,224 பவுண்டும், பல்கலைக்கழகத்துக்குச் செலுத்த வேண்டிய மீதிக் கட்டணமும் காட்ட வேண்டும். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான். கணக்கு மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கலாம். பெரியப்பா எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பெரியப்பா தம் தம்பிக்கு அன்பளிப்பாகவே பணத்தை மாற்றிவிடட்டும் என்றேன். உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. அந்தப் பணம் மனை விற்று வந்தது என்பதால் விற்பனைப் பத்திர நகலையும் எடுத்து வைக்கச் சொன்னேன். மகளின் பிறப்புச் சான்றிதழும் தந்தையின் சம்மதக் கடிதமும் சேர்ந்தால் வேலை முடிந்தது. "இவ்வளவுதானா மேடம்?" என்று அவர் மூன்று முறையாவது கேட்டிருப்பார்.

மே 28, புதன்

அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதிகள் தருவதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து நேற்று உத்தரவு போயிருக்கிறது. தேதி பெற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. என்னிடம் வரும் இயந்திரப் பொறியியல் மாணவர் பெறாதவர். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவமான ஐ-20 வந்துவிட்டது, வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரும் விசா கட்டணம் 185 டாலரும் கட்டியாகிவிட்டது, ஆகஸ்ட் நடுவில் வகுப்பு தொடங்குகிறது. அவருடைய தந்தை லாரி உதிரிப் பாகக் கடை வைத்திருப்பவர்; சென்னையில் யாரையாவது பிடித்தால் தேதி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது. அப்படிக் கிடைக்கும் என்று சொல்பவர் உங்கள் மகனின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு இரவெல்லாம் இணையதளத்தைத் தட்டிக்கொண்டிருப்பவர். அளவுக்கு மீறித் தட்டினால் கணக்கே முடங்கும் என்று விளக்கினேன். அவர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

இன்று முழுவதும் பெயர்களோடு போராட்டம். நம் ஊரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் வரும், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் பின்னால் போகும், ஆதாரில் விரியும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடக்கும். அப்படிப்பட்ட பாஸ்போர்ட்டோடு அமெரிக்க விசா வாங்கினால், சொந்தப் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்கு நகர்ந்துவிடும். சொந்தப் பெயரின் இடத்தில் 'பெயர் தெரியாதவர்' என்பதற்கான எஃப்என்யு என்ற மூன்று எழுத்துகள் ஏறிவிடும். பிறகு வங்கி அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்துகள் பின்தொடரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா விசா மறுக்கத் தொடங்கியபோதுதான் பலர் இதைக் கவனித்தார்கள்.

என் யோசனை எப்போதும் ஒன்றுதான்: விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே, கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக விரித்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்ளுங்கள். ஐ-20 வந்த பிறகு பெயரை மாற்றினால் எல்லாத் தாளும் மீண்டும் முதலிலிருந்து வரும்.

ஜூன் 20, வெள்ளி

அமெரிக்க விசா நேர்காணல் தேதிகளை மீண்டும் தரலாம் என்று புதனன்று அறிவித்துவிட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை: மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களை விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. திறந்து வைக்கச் சொல்வதுதான் புதிது.

இயந்திரப் பொறியியல் மாணவர் வந்து, பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கட்டுமா என்று கேட்டார். அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். கிரிக்கெட், நண்பர்களின் திருமணங்கள், ஒரு நடிகரைக் கிண்டல் செய்யும் மீம்கள். நேற்றுப் பிறந்த கணக்கைவிட இது எவ்வளவோ மேல். படிவத்தில் உள்ளபடி எழுதித் திறந்து வைத்துவிடுங்கள் என்றேன். நான் சொன்னதை அவர் கேட்பாரா, விடுதி அறையில் நண்பர்கள் சொல்வதைக் கேட்பாரா என்பது தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

ஜெர்மனி விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழி நேற்றோடு மூடப்பட்டது. இனிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். இரண்டாவது வழியில் போகக்கூடிய குடும்பம் எதுவும் என் மேசைக்கு வருவதில்லை.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை; பருவத்துக்கு ஒரு சிறு பங்களிப்புத் தொகைதான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதிக்கிறது. முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். நம் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். இவ்வளவு தெளிவாக இருக்கும் வழியை நம் ஊர்க் கன்சல்டன்சிகளில் பல ஏன் மாணவர்களிடம் சொல்வதே இல்லை? அரசுப் பல்கலைக்கழகங்கள் தரகுத் தொகை தருவதில்லை. 'எங்களிடம் ஆலோசனை இலவசம்' என்ற பலகையைப் பார்க்கும் பெற்றோர், அந்த மேசையின் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று ஒரு முறை கேட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். தரகு வாங்குவதில் குற்றமில்லை. வாங்குவதைச் சொல்லாமல் 'உங்களுக்குப் பொருத்தமான கல்லூரி' என்று கை காட்டுவதுதான் குற்றம்.

இன்று வந்த மாணவரின் சராசரி 10-க்கு 7.5. ஜெர்மானிய முறைக்கு மாற்றும் கணக்கு எளிது: உச்ச மதிப்பான 10-இலிருந்து 7.5-ஐக் கழித்தால் 2.5, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லையான 5-க்கும் உள்ள இடைவெளி 5, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.5. அங்கே எண் குறையக் குறைய மதிப்பு உயரும் என்பதை அவருக்குப் புரியவைக்கச் சற்று நேரம் ஆயிற்று. 2.5 என்பது பல படிப்புகளில் வாசற்படியின் விளிம்பு. மூன்று அரியர்கள் வைத்து எழுதித் தேறியதை மறைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மதிப்பெண் பட்டியலிலேயே அது இருக்கும்போது எங்கே மறைப்பது? மாறாக, இறுதியாண்டுத் திட்டப்பணியில் அவர் செய்த நீரேற்றிக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றி, சேர்க்கைக்காக எழுதிய நோக்க அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. இணையத்திலிருந்து எடுத்த 'சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்' மட்டும் முதல் வரியாக நின்றது. அதை அடித்துவிட்டுக் கருவியிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

கடன் விவகாரம். ஆஸ்திரேலியாவுக்குப் போக விரும்பும் ஒருவரின் குடும்பத்துக்கு 4 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. விவசாய நிலத்தைப் பல வங்கிகள் கல்விக் கடனுக்குப் பிணையாக ஏற்பதில்லை என்பது மேலாளர் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊருக்குள் இருக்கும் வீட்டை வைக்கலாம் என்றால், பட்டா இன்னும் தாத்தா பெயரில், பாகப்பிரிவினை நடக்கவில்லை, அத்தைமார் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் வழக்கறிஞர் கருத்தும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் சேர்வதற்குள் பிப்ரவரிச் சேர்க்கையே நெருங்கிவிடும். வெளிநாட்டுப் படிப்புக்கான முதல் விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலிய மாணவர் விசா கட்டணம் இந்த மாதம் 1-ஆம் தேதி முதல் 1,600-லிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்துவிட்டது. மறுத்தால் திரும்ப வராத பணம் அது. கடன் உறுதியாகும் முன் அந்தக் கட்டணத்தைக் கட்ட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வங்கிக் கடனாகவே போனால் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணமென்றால் நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 5 விழுக்காடு பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கோரலாம் என்பதையும் குறித்துக் கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

துறையூர்ப் பெண்ணின் பிரிட்டன் விண்ணப்பம் இன்று போயிற்று. விசா கட்டணம் 524 பவுண்டு. அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான மிகைக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், படிப்புக்குப் பிந்தைய விசா மாதங்களையும் சேர்த்து ஒன்றரை ஆண்டுக்கு 1,164 பவுண்டு. காசநோய்ச் சோதனைச் சான்றும் கையில் இருக்கிறது. கணக்கில் பணம் மாறி 28 நாட்கள் கடந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் அந்தப் பகுதியில் எனக்குக் கவலை இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அமெரிக்கா போகவிருக்கும் இயந்திரப் பொறியியல் மாணவருக்கு ஆகஸ்ட் வகுப்புக்கு முன் நேர்காணல் தேதி கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளிவைத்தோம். புதுப்பித்த ஐ-20 வரும்; செவிஸ் எண் மாறாமல் இருந்தால் 350 டாலரை மீண்டும் கட்ட வேண்டியதில்லை. தந்தைக்கு மனம் ஆறவில்லை. எனக்கோ, கிடைத்த இந்த மாதங்களை நேர்காணலுக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214-பி பிரிவு, மாணவர் விசா கேட்டு வருபவரைக் குடியேற வந்தவராகவே முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று நிறுவும் பொறுப்பு மாணவருடையது. அதற்குக் கிடைப்பது சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் சன்னல் முன் நிற்கும் சில நிமிடங்கள். பயிற்சி வகுப்புகளில் மனப்பாடம் செய்த பதில்களை அந்த அதிகாரிகள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். இன்று ஒத்திகையில், "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டேன். 'உலகத்தரம் வாய்ந்த ஆய்வு வசதிகள்' என்று ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பா கடையில் எந்தப் பாகம் அதிகமாகத் திரும்பி வருகிறது என்று கேட்டேன். பிரேக் லைனிங் என்றார். ஏன் தேய்கிறது, எந்த மலைப்பாதையில் அதிகம் தேய்கிறது, அந்தப் பல்கலைக்கழகத்தில் உராய்வுப் பொருள்களைப் படிக்க எந்தப் பாடம் எடுக்கப் போகிறார் என்று தடையில்லாமல் பேசினார். படித்துவிட்டு வந்து என்ன செய்வாய் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது. யாரும் எழுதிக் கொடுக்காத பதில் அது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

லீட்ஸ் விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுத்தாள் எதுவும் இல்லாததைப் பார்த்துத் தந்தை பதறிப்போய் அழைத்தார். கடந்த மாதம் 15-ஆம் தேதி முதல் விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பிரிட்டன் மின்விசாதான் தருகிறது. இணையக் கணக்கில் பாஸ்போர்ட் எண்ணை மகள் இணைத்திருக்கிறாரா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். இணைத்திருக்கிறார். பெரியப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டதால் அவரிடமும் பேசினேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கனடா காட்டச் சொல்லும் வாழ்க்கைச் செலவுத் தொகை நேற்று முதல் 20,635-லிருந்து 22,895 கனடிய டாலராக ஏறியிருக்கிறது. நேற்று முன்தினம் வரை தள்ளிப்போட்ட ஒரு குடும்பத்துக்கு இப்போது 2,260 டாலர் கூடுதலாகத் தேவை. விரைவு வழியான எஸ்டிஎஸ் 2024 நவம்பரிலேயே நின்றுவிட்டது. மாகாண ஒப்புதல் கடிதமும் வேண்டும். அவர்கள் கொண்டுவந்த அனுமதிக் கடிதத்தில் கல்லூரியின் முகவரி பொருந்தவில்லை. கடிதத்தை வாங்கிக் கொடுத்தவர் தொலைபேசியை எடுப்பதில்லை என்கிறார்கள். 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கனடா குடியேற்றத் துறை கல்லூரியிடமே சரிபார்க்கிறது. பொய்க் கடிதமாக இருந்தால் மறுப்போடு நிற்காது, பல ஆண்டுத் தடையும் வரக்கூடும். ஆகவே மாணவரையே கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்குத் தம் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதச் சொன்னேன். பதில் வரும்வரை விண்ணப்பம் நகராது.