சும்மா கிடைத்த மாங்காய்

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டில் ‘இதர’ என்று ஒரு வரி உண்டு. வாடகை, மளிகை, பால், கரண்ட் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்தால் கடைசியில் இதர 5,100 என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். சில மாதம் மளிகையைவிட இதர பெரிதாக இருக்கும்.

“இதரன்னா என்னம்மா?” என்றேன் வீட்டம்மாவிடம்.

“இதரன்னா இதரதாங்க.”

நான் கிருஷ்ணகிரியில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். டீசல், டிரைவர் படி, டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி என்று நாள் முழுக்க அதே வேலை. டிரைவர் வழியில் பஞ்சர் போட்டேன் என்றால்கூட, கடைக்காரர் கையெழுத்தோடு சீட்டு எங்கே என்று கேட்கிற ஆள். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து இதரவுக்கும் சீட்டு கேட்டேன். “பூக்காரம்மாகிட்ட பில்லு கேக்கட்டுமா? ஜிஎஸ்டி போட்டா, இல்லாமலா?” என்றாள் வீட்டம்மா.

அவள் பிறந்த ஊர் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு. தக்காளி ஊர். ஒரு மாதம் ஆள் வைத்துப் பறித்தால் கூலிக்குக் கட்டாது என்று செடியிலேயே விடுவார்கள், அடுத்த மாதம் அதே தக்காளியை எண்ணி எண்ணி வாங்குவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவள். விலையை நம்பக் கூடாது, காசு கையில் இருக்கும்போதே வாங்கிப்போட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்சி. கையில் இருக்கும் காசு கையிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்து 2004 பிப்ரவரியில் பிரிந்தன. நாங்கள் அதற்கு அப்புறம் சேர்ந்தவர்கள்.

அவள் வீட்டிலேயே தைக்கிறாள். ரவிக்கை, சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், பழைய பேன்ட்டுக்கு ஜிப் மாற்றுவது எல்லாம் உண்டு. வருகிற காசு தையல் மிஷினின் வலது பக்க டிராயருக்குப் போகும். பாபின், ஊசி, மார்க் போடும் சாக்குக்கட்டி, நடுவில் ஐநூறு ரூபாய்த் தாள்கள். அந்தத் தாள்களில் எப்போதும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் தொங்கும். எங்கள் தெரு மளிகைக்காரர் நோட்டைப் பார்த்தவுடனே, “அக்கா டிராயரா?” என்று கேட்பார். அந்த டிராயர் என் நோட்டுக்குள் வராது. அது தனி மாவட்டம்.

என் பக்கம் மட்டும் ரொம்ப ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். கரண்ட் பில் கதையைச் சொன்னால் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டின யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. கீழே இருக்கிற யூனிட்டிலும் ஒரு பகுதிக்குச் சலுகை போய்விடும். அதனால் கணக்கெடுக்க வரும் வாரத்தில் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பேன். ஒரு முறை பழைய ரீடிங்கைக் கழித்துப் பார்த்தால் 489 வந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் ஓட்ட வேண்டும். தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பழைய தோல் பெல்ட்டை மாட்டிக் கொடுத்து, “ரெண்டு நாள் கால்ல மிதிச்சுக்கோ” என்றேன்.

சண்டை போடவில்லை. மிதித்தாள். மூன்றாம் நாள் முழங்கால் வலி என்று தைலம் வாங்கினாள், 145 ரூபாய். அன்றைக்கே பெங்களூரிலிருந்து அவள் தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கி, நாலு பேரும் ஹீட்டர் போட்டுக் குளித்தார்கள். கணக்கு 507-இல் முடிந்தது. தைலத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். “கரண்ட்டுலயே எழுதுங்க” என்றாள்.

அடுத்து ஏலச்சீட்டு. தெருவில் ஒரு அக்கா நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம். பதிவு கிடையாது, பத்திரம் கிடையாது, அக்கா ஓடிப்போனால் யாரைப் பிடிப்பது என்று நான் கத்தினேன். “எங்க ஓடுவாங்க, அவங்களுக்கு ரெண்டு மாடு இருக்கு” என்றாள். அவசரக்காரர் யாராவது முதல் மாதங்களில் தள்ளி எடுப்பார்கள். ஒரு லட்சம் சீட்டை 75,000-க்கு எடுத்தால் 25,000 தள்ளு. அதில் அக்கா கமிஷன் 5,000 போக, மிச்சம் 20,000-த்தை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம். அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். இதைத் துணி வெட்டிக்கொண்டே, அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாயாலேயே கணக்குப் போட்டுச் சொன்னாள். நான் கால்குலேட்டரில் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. நான் போஸ்ட் ஆபீஸில் 5 வருஷ ஆர்.டி. கட்டுகிறவன். அங்கே தள்ளு கிடையாது, அக்காவும் கிடையாது, நிம்மதி.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் போன சீசனில் சித்தப்பா போன் செய்தார்.

சித்தப்பாவுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா ரகம். தோதாபுரி, கிளிமூக்கு என்று வெளியூரில் சொல்வது இதைத்தான். கூழ் ஃபேக்டரிகள் எடுக்கிற காய். ஃபேக்டரிக்காரர்கள் எடுக்கும்வரைதான் அதற்கு மரியாதை. அவர்கள் போதும் என்று கையைத் தூக்கிவிட்டால் லோடு கேட்டில் நின்று கறுக்கும். அந்த முறை கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்களாம். “பறிகூலிக்கே கட்டாதுடா. மரத்துலயே பழுத்து விழுந்து வீணாப் போவுது. நீ வந்து வேணும்கறத எடுத்துக்கினு போ, சும்மா.”

கடைசிச் சொல் மட்டும் எனக்குக் கணீரென்று கேட்டது.

“நமக்கு எதுக்குங்க அவ்வளவு? சந்தையில ரெண்டு கிலோ வாங்கினா ஒரு வாரம் வரும்” என்றாள் அவள். வாழ்க்கையில் முதன்முறையாக அவள் வேண்டாம் என்கிறாள், நான் வேண்டும் என்கிறேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வெறுங்கையோடு சித்தப்பா வீட்டுக்குப் போக முடியுமா? மாந்தோப்புக்காரர் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோக முடியாது. ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கினேன், 340. தோப்பில் நான் மரம் ஏறுவேன் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். முதல் கிளையிலேயே சிவப்பெறும்பு சட்டைக்குள் இறங்கியது. சித்தப்பா சிரித்துவிட்டுப் பறிக்க ஒரு ஆளைக் கூப்பிட்டார். அவருக்குக் கூலி 700. சித்தப்பாவைக் கொடுக்கச் சொல்ல முடியுமா? காயே அவர் சும்மா கொடுக்கிறார்.

அந்த ஆள் நல்ல வேலைக்காரர். வலை கட்டின தொரட்டியை விட்டுச் சுழற்றினால் நாலு நாலு காயாக வந்தது. காம்பிலிருந்து பால் வடிந்து அவர் முழங்கை வரை கறை. நான் கீழே நின்று, போதும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் “அந்தக் கிளையில இன்னும் ரெண்டு இருக்கு பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எடை போட்டபோது 150 கிலோ.

பஸ்ஸில் ஏற்றுவார்களா? குட்டியானை வண்டி பேசினோம், 900. வழியில் காவேரிப்பட்டினத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டம்மாவைச் சமாதானப்படுத்த நிப்பட்டு, அதாவது தட்டை, வாங்கினேன், 150. வீட்டு வாசலில் டிரைவர் இறங்கி நின்று மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறக்குக்கூலி 200. ஊர் லோடுக்கெல்லாம் ஏத்துக்கூலி இறக்குக்கூலி எழுதுகிறவன் சொந்த லோடில் கோட்டை விட்டேன்.

அவள் கதவைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நிப்பட்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாங்காய் இருக்கிறதே, அது வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கிற சாதி இல்லை. மூன்று நாள் அமைதியாக இருந்தது. நாலாம் நாள் காலையில் வீடே கூழ் ஃபேக்டரி மாதிரி மணத்தது. அக்கம்பக்கம் கொடுத்தோம். அவர்கள் வீட்டிலும் யாரோ சித்தப்பா இருந்திருக்கிறார். நாம் நாலு கொடுத்தால் எட்டு திரும்பி வந்தது. பூக்காரம்மா மட்டும் ஒரு பை எடுத்துக்கொண்டார். மாவிளக்கு போடுகிற வெள்ளிக்கிழமை முழம் கொஞ்சம் தாராளமாக அளந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

காயாக இருந்ததை ஊறுகாயும் தொக்கும் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். நல்லெண்ணெய் 4 லிட்டர் 1,560. மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், பெருங்காயம், கல்லுப்பு 780. பிளாஸ்டிக்கில் போட்டால் கெட்டுப்போகும் என்று எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா கண்டிப்பாகச் சொன்னதால் பீங்கான் ஜாடி இரண்டு, 900. பெங்களூர்த் தங்கைக்கு ஒரு பெட்டி, பஸ் பார்சல் 250. மிச்சத்தைச் சீட்டு அக்கா வீட்டு மாடுகள் சாப்பிட்டன. ஓடிப்போகாத மாடுகள்தான்.

இதற்கு நடுவில் ஊரில் மாங்கனிக் கண்காட்சி வேறு. வருஷா வருஷம் போகிறோம், விட முடியுமா? வீட்டில் அறுபது கிலோ மாம்பழத்தை ஈ மொய்க்க விட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு, தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த மாம்பழத்தைப் பார்க்கப் போனோம். மல்கோவா, செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, நீலம் எல்லாம் பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருந்தன. பெங்களூராவும் இருந்தது. அதன் முன்னால் நாங்கள் இருவரும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பெரிய அப்பளம், மிளகாய் பஜ்ஜி எல்லாம் சேர்த்து 300.

மாதக் கடைசியில் நோட்டை எடுத்தேன். நான் கணக்குத் தெரிந்தவன். இடது பக்கம் வரவில், ‘மாங்காய் 150 கிலோ, சந்தை விலை 30 வீதம், 4,500’ என்று எழுதினேன். எழுதியதும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“4,500 வரவா? எங்க, குடுங்க. ஒரு புடவை எடுக்கணும்.”

“அது காசு இல்லம்மா. மதிப்பு.”

“அப்ப புடவையும் மதிப்பாவே எழுதிக்குங்க.”

பேனாவை வாங்கிக்கொண்டு வலது பக்கத்தில் அவளே எழுத ஆரம்பித்தாள். ரவிக்கை அளவு எழுதுகிற கையெழுத்து, எண்கள் மட்டும் பெரிசு பெரிசாக. 340, 700, 900, 150, 200, 1,560, 780, 900, 250. கூட்டினால் 5,780. தோப்பு விலைக்கு 750 ரூபாய் பெறும் சரக்கு. கீழே இன்னொரு 300 போட்டாள்.

“கண்காட்சி எப்படி மாங்காய்ச் செலவாகும்?” என்று நான் சட்டம் பேசினேன்.

“பின்ன அங்க எதைப் பாக்கப் போனோம்?”

6,080. தலைப்பு என்ன போடுவது என்று யோசித்து, கடைசியில் அவளே ‘இதர’ என்று போட்டாள். அடைப்புக்குறிக்குள் ‘இவரு’ என்று சேர்த்தாள். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் இதரவுக்கு இரண்டு வரி.

ஊறுகாய் நன்றாக இருந்தது. அதை மறைக்கவில்லை. கம்பங்கூழுக்கும் களிக்கும் தொட்டுக்கொண்டு ஆறு மாதம் வந்தது. ஒரு ஜாடி இன்னும் திறக்கவே இல்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கொடுத்து அனுப்புகிறாள். அப்படிச் சாப்பிட்ட இரண்டு பேர் காசுக்குக் கேட்டார்கள். விற்றிருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் டிராயரிலிருந்து எடுத்த இருநூறு ரூபாய்த் தாளில் சாக்குப்பொடியோடு கொஞ்சம் எண்ணெய்க் கறையும் இருந்தது. எனக்குத் தெரிந்து அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மாசி மாதம் சித்தப்பா மறுபடி போன் செய்தார். தோப்பு ஓரத்தில் நாலு புளியமரம்.

“புளி உலுக்கறோம்டா. வந்து ஒரு மூட்டை எடுத்துக்கினு போ, சும்மா.”

மிஷின் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது.

“சித்தப்பா, கிலோ என்ன விலைன்னு சொல்லுங்க. காசு குடுத்தே வாங்கிக்கறேன்” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “உங்கப்பன் காலத்துல இருந்து இந்த மரத்துப் புளிதான் உங்க வீட்டுக் கொழம்புல. இப்ப என்கிட்டயே வெல கேக்கறியா?” என்றார். குரல் உடைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் ஆப்பிள் ஒரு கிலோ வாங்கினேன். 220.