லூர்தில் வண்டி தள்ளிய நாட்கள்

ஜூலை 25, 2025, வெள்ளி

பஸ் இப்போது கலே துறைமுகத்தைத் தாண்டி விட்டது. விடியக் காலையிலேயே தென் லண்டனில் பள்ளி வாசலில் ஏறினோம். எல்லோருக்கும் கண்ணைக் குத்தும் மஞ்சளில் ஒரே மாதிரி டி-ஷர்ட். யாரும் தொலையக் கூடாதாம். இந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு ஒருவர் தொலைய வேண்டும் என்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

எங்கள் பள்ளி ஒவ்வொரு கோடையிலும் மறைமாவட்ட யாத்திரையோடு சேர்ந்து லூர்துக்குப் போகும். 1858இல் பெர்னதெத் என்ற பிள்ளைக்கு மாதா காட்சி கொடுத்த பிரெஞ்சு ஊர் அது. வயதானவர்களும் நோயாளர்களும் விமானத்தில் வருவார்கள். பதினேழு வயதுக்காரராகிய நாங்கள் அவர்களுக்கு உதவியாளர்கள், ஆகவே பஸ். பிரான்சின் மேல் நுனியில் இருந்து பிரெனே மலை அடிவாரம் வரை, இரவு முழுக்க. வகுப்பில் வேறு சிலர் இளையோர் யூபிலிக்காக ரோமுக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பாட்டும் கூட்டமும் பாப்பரசரும். எங்களுக்குச் சக்கர நாற்காலி.

லூர்து எனக்குப் புது இடம் இல்லை. மன்னாரில் இருந்து லண்டனுக்கு வந்த புதிதில், பாரிஸ் சித்தப்பா குடும்பத்தோடு வேனில் போனோம். கட்டுச்சோறு, மெழுகுதிரி, மழை. அவ்வளவுதான் நினைவு. ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு லூர்து கிட்டத்தட்ட இன்னொரு மடு, மன்னாரில் இருக்கும் எங்கள் மாதா கோவில். சைவக்காரரும் போவார்கள், நேர்த்தி வைப்பார்கள், திரும்பி வந்து பொங்குவார்கள். பள்ளித் தோழிக்கு இதைச் சொன்னபோது அவளுக்கு வியப்பே இல்லை. அவள் நைஜீரிய இக்போ வீட்டுப் பிள்ளை. "எங்கள் ஆட்களும் அப்படித்தான்" என்றாள்.

ஏசி வேலை செய்யவில்லை. இன்னும் எழுதினால் வாந்தி வரும்.

ஜூலை 26, சனி

வந்து சேர்ந்தோம். குளித்தோம். உடனே வகுப்பு.

இறக்கத்தில் சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பித்தான் இறக்க வேண்டும். நிறுத்தினால் முதலில் பிரேக், அதற்குப் பிறகுதான் பேச்சு. நாற்காலியில் இருப்பவரின் தலைக்கு மேலால் இன்னொருவரோடு கதைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளிலும் எழுதி ஒட்டலாம்.

நாற்காலியைத் தவிர லூர்துக்கே உரிய நீல வண்டியும் உண்டு. மூன்று சக்கரம், மடிக்கக் கூடிய நீலக் கூரை, முன்னால் இழுக்க ஒரு பிடி. ஒருவர் இழுக்க, ஒருவர் பின்னால் தள்ள வேண்டும்.

எனக்கும் தோழிக்கும் கிடைத்தவர் ஓர் ஐரிஷ் பாட்டி. எண்பத்தொரு வயது. நாற்பது வருடம் லண்டன் ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்தவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் இயங்காது. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. பிரேக்கை நான் இரண்டு தடவை சரி பார்த்ததைக் கவனித்துவிட்டு, "நல்லது, உன்னைத் தாதியாக எடுத்திருப்பேன்" என்றார். தோழியிடம், "நீ டாக்டர்தான், எதையும் பார்க்கவில்லை" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் பத்தாம் பயஸ் பேராலயத்தில் பன்னாட்டுத் திருப்பலி. வெளியில் இருந்து பார்த்தால் கோவிலே தெரியாது, மேலே புல்தரை. சரிவால் வண்டியை இறக்கினால் நிலத்துக்கு அடியில் முட்டை வடிவத்தில் ஒரு பெரிய காங்கிரீட் மண்டபம், நடுவில் தூணே இல்லை. இருபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளுமாம். காட்சிகளின் நூற்றாண்டுக்காக 1958இல் கட்டித் திறந்தது. அபிஷேகம் செய்த கர்தினால் ரொன்கல்லிதான் அதே வருடம் இருபத்துமூன்றாம் யோவான் பாப்பரசர் ஆனார். அழகு என்று சொல்ல மாட்டேன், பெரிய கார் தரிப்பிடம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படி கூட இல்லை. கட்டினவர்கள் யாரை நினைத்துக் கட்டினார்கள் என்பது வண்டி தள்ளும் ஆளுக்குத்தான் உடனே விளங்கும்.

ஜூலையின் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டிகளின் உலக நாள். 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் தொடங்கி வைத்தது. பாதர் பிரசங்கத்தில் அதைச் சொன்னதும் எங்கள் பாட்டி என்னை இடித்து, "எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை, இன்றைக்கு ஐஸ்கிரீம் நீதான் வாங்கித் தர வேண்டும்" என்றார். வாங்கிக் கொடுத்தேன். பிஸ்தா.

ஜூலை 28, திங்கள்

இன்று கெபிக்கு, அதாவது மாதா காட்சி கொடுத்த குகைக்குப் போனோம்.

மன்னாரில் பாதிக் கோவில் வளவுகளில் லூர்து கெபி இருக்கிறது. சீமெந்தில் பாறை, மேலே மாதா, கீழே முழந்தாளில் பெர்னதெத். அசல் கெபியைப் பார்க்கும்போது, இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றும். மசபியேல் என்ற அந்தப் பாறை ஆற்றோரத்தில் இருக்கிறது. தொட்டுத் தொட்டே கருத்து வழுவழுப்பாகிவிட்டது. மேலே பொந்தில் நிற்கும் சுரூபம் 1864இல் வைத்தது, செய்தவர் ஃபபிஷ் என்ற சிற்பி. பெர்னதெத்துக்கு அது பிடிக்கவில்லை. தான் கண்டது அப்படி இல்லை என்றாள். உலகம் முழுக்க, எங்கள் மன்னார் வரை, அந்தச் சுரூபத்தைத்தான் பார்த்துச் செய்து வைத்திருக்கிறார்கள்!

பிறகு தண்ணீர். முன்பு எல்லோரையும் தொட்டிக்குள் முழுதாக முக்கி எடுப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு எங்களைப் போன்ற குழுக்களுக்குப் பெரும்பாலும் கையில் ஊற்றுகிறார்கள்: கழுவு, முகத்தில் பூசு, குடி. 1858 பெப்ரவரி 25 அன்று பெர்னதெத் செய்ததும் அதுதான். குகைக்குள் மண்ணைக் கிளறி, ஊறிய சேற்றுத் தண்ணீரைக் குடித்து, முகத்தில் பூசினாள். பார்த்து நின்றவர்களுக்கு இந்தப் பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற முடிவு. தண்ணீர் சரியான குளிர். பாட்டி இடக்கையை என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஊற்றினார்கள். கை அசையவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக் கொண்டிருந்ததை அவர் கண்டுவிட்டார்.

"எத்தனையாவது புதுமைக்கு வந்தாய்?" என்று கேட்டார்.

விளக்க முடியாத அற்புதக் குணத்தைத்தான் புதுமை என்போம். திருச்சபை இங்கே எழுபத்திரண்டு வரை ஏற்றிருக்கிறது. எழுபத்திரண்டாவதை இந்த ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். இங்கே 1883இல் இருந்து மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. குணமானேன் என்று ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். நோய் பாரதூரமானதா, சட்டென்று மாறியதா, முழுதாக மாறியதா, திரும்ப வரவில்லையா என்று டாக்டர்கள் வருடக் கணக்காகக் கிண்டுவார்கள். விளக்கம் இல்லை என்று சொல்லத்தான் அவர்களுக்கு உரிமை. புதுமை என்று சொல்வது குணமானவரின் சொந்த மறைமாவட்ட ஆயர்.

எழுபத்தோராவது ஆள் எங்கள் இங்கிலாந்துக்காரர். லிவர்பூலைச் சேர்ந்த ஜாக் ட்ரெய்னர். முதல் உலகப் போரில், 1915இல், கலிப்பொலியில் துப்பாக்கிச் சூடு பட்டு வலக்கை செயலற்று, வலிப்பு வந்து, நடக்க முடியாமல் கிடந்தவர். 1923 ஜூலையில் லிவர்பூல் யாத்திரையோடு இங்கே வந்து, எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு நிலக்கரி வியாபாரம் செய்து மூட்டை தூக்கினார். சாகும் வரை அரசாங்கம் அவருக்கு முழு அங்கவீனர் ஓய்வூதியத்தை நிறுத்தவே இல்லை. குணமாக முடியாது என்று கோப்பில் எழுதியிருந்ததாம்! லிவர்பூல் பேராயர் அதைப் புதுமை என்று அறிவித்தது 2024 டிசம்பரில். ட்ரெய்னர் 1943இலேயே இறந்துவிட்டார்.

பாட்டிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். "எனக்குக் கை வேண்டாம். வீட்டில் நான் ஒரு நோயாளி. இங்கே வந்தால் எனக்காக வரிசை நிற்கும், பொலிஸ்காரன் காரை நிறுத்துவான், ஆயர் காத்திருப்பார். வருடத்தில் ஒரு கிழமை போதும்" என்றார்.

இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிரேக்கை எடுத்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

மழை. பாட்டிக்குச் சளி, அறையில் இருந்தார். மலையில் சிலுவைப்பாதை போனோம். ஆளுயர வார்ப்பிரும்பு உருவங்கள், ஏற்றம், சேறு. தோழி ரோம வீரன் ஒருவனோடு செல்ஃபி எடுத்தாள், சிஸ்டரிடம் பேச்சு வாங்கினாள்.

ஜூலை 30, புதன்

மதியம் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஊருக்குள் பெர்னதெத் குடும்பம் இருந்த 'கஷோ'வுக்குப் போனோம்.

அது பழைய சிறைச்சாலை அறை. கைதிகளுக்கே ஆகாது என்று மூடிய இடம். மில் கைவிட்டுப் போய், வாடகை கொடுக்க வழியில்லாமல், தாய் தகப்பன் நான்கு பிள்ளைகள் இதற்குள் வந்து ஒடுங்கினார்கள். எங்கள் வீட்டு வரவேற்பறையில் இது அடங்கும். 1857இல் பேக்கரியில் மாவு மூட்டை களவு போனபோது தகப்பனைப் பிடித்துக் கொண்டு போனார்கள். ஆதாரம் இல்லை. ஏழை, ஆகவே அவனாகத்தான் இருக்கும் என்ற கணக்கு. எட்டு நாள் உள்ளே இருந்தார். அடுத்த வருடம் பெப்ரவரி 11, மூத்த பிள்ளை தங்கையோடும் ஒரு கூட்டாளியோடும் விறகு பொறுக்கப் போனாள்.

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. ஆஸ்துமா. நாலடி ஏழு அங்குலம்தான் உயரம். எழுதப் படிக்கத் தெரியாது, முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, கூட வாங்கியிருக்கவில்லை. பொலிஸ் அதிகாரி ஜக்கோமே அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னதை எழுதிவிட்டு, வேண்டுமென்றே பிழையாக மாற்றி வாசித்துக் காட்டுவார். அவள் ஒவ்வொரு இடமாக, இல்லை ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை, என்று திருத்திக் கொண்டே இருந்தாள். எனக்கு அவளிடம் மிகவும் பிடித்த இடம் இதுதான். சுரூபங்களில் கைகூப்பி மேலே பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளையை இங்கே வைத்துப் பார்த்தால் வேறு ஆள். லண்டனுக்கு வந்த காலத்தில் குடிவரவு அலுவலகத்தில் அம்மாவும் அப்படித்தான், ஒரே திகதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தார்.

ஜூனில் கெபியை வேலி போட்டு அடைத்தார்கள். கடைசிக் காட்சியை, ஜூலை 16 அன்று, அவள் ஆற்றுக்கு மறுகரையில் நின்றுதான் கண்டாள். ஊற்று மற்றவர்களுக்கு என்றாள், தனக்கு இல்லை. பிறகு நெவேர் ஊர்க் கன்னியர் மடத்தில் முழங்கால் எலும்பில் காசநோய் வந்து, முப்பத்தைந்து வயதில், 1879இல் இறந்தாள். தோழி கேட்டாள், "இது அநியாயம் இல்லையா?" அநியாயம்தான். பாதரும் அதை மறுக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி. இங்கே கோடையில் அப்போதும் வெளிச்சம் இருக்கிறது, ஆகவே பாதிச் செபமாலை வரை திரி சும்மா. முன்னால் நோயாளர்கள், எங்களுக்கு முன்வரிசை. 'ஆவே மரியா' வரும் இடத்தில் எல்லோரும் திரியைத் தூக்குவார்கள். ஒரு மறையுண்மையில் ஒலிபெருக்கியில் தமிழில் "அருள் நிறைந்த மரியே" கேட்டது! எங்கோ பின்னால் ஒரு தமிழ்க் குழு. நான் அவ்வளவு சத்தமாகப் பதில் சொன்னதில் பாட்டி திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்குக் குரல் இருக்கிறதா? ஐந்து நாளாக எங்கே வைத்திருந்தாய்?"

ஆகஸ்ட் 2, சனி

நேற்று வீட்டுக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் நித்திரை. தோள் இன்னும் நோகிறது.

அம்மா கேட்டபடி மாதா உருவப் போத்தல்களில், நீல முடி மூடி உள்ளதுதான், தண்ணீர் கொண்டு வந்தேன். விமானம் என்றால் கைப்பையில் இவ்வளவு தண்ணீர் விட மாட்டார்கள். பஸ்ஸால் வந்ததில் கிடைத்த ஒரே நன்மை. மேல் வீட்டுச் சைவ அன்ரி காலையிலேயே வந்து இரண்டு கேட்டார். ஒன்று சாமி அறைக்கு, ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்கு. எடுத்துப் போகும்போது அம்மாவிடம், "பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைக்கலாமோ, உங்கட மாதா கோபிக்க மாட்டாவோ?" என்று கேட்டார். மடு மாதாவே 2008இல் சண்டைக்குள் சனத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனவ, அன்ரியின் சாமி அறையில் இருக்க மாட்டாவா என்றார் அம்மா.

பாட்டியிடம் இருந்து ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. வலக்கையால் தட்டியது, எழுத்துப்பிழை நிறைய. அடுத்த வருட விண்ணப்பப் படிவத்தை இப்போதே நிரப்பிவிட்டாராம். உதவியாளர் விருப்பம் என்ற இடத்தில் என்னையும் தோழியையும் எழுதியிருக்கிறார். "டாக்டர் தள்ளட்டும், நீ பிரேக்கைப் பார்" என்று கடைசியில். தோழிக்கு அனுப்பினேன். இன்னும் படிக்கவில்லை, தூங்குகிறாள்.