போ ஆற்றைப் படிப்பவர்களுக்கு: இரு மலைகளிலிருந்து தொடங்குங்கள்

முதுகலைப் புவியியலில் ஐரோப்பாவின் வட்டாரப் புவியியலைப் பாடமாக எடுத்தவர்கள், இத்தாலியின் மிக நீளமான ஆறான போவை ஒதுக்கிவிட்டுத் தேர்வுக்குச் செல்ல முடியாது. 652 கிலோமீட்டர் நீளம், சுமார் 74,000 சதுர கிலோமீட்டர் வடிநிலம், மொன்விசோ மலையடியில் ஏறத்தாழ 2,020 மீட்டர் உயரத்தில் உள்ள பியான் டெல் ரே என்னும் இடத்தில் தோற்றம், ஆட்ரியாட்டிக் கடலில் சங்கமம் என்பவை எல்லாக் குறிப்பேடுகளிலும் இருக்கும். இவற்றை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆயினும் இந்த ஆற்றை எனக்குப் புரியவைத்தது வேறொன்று: அதன் இடதுகரைத் துணையாறுகள் ஆல்ப்ஸ் மலையிலிருந்தும், வலதுகரைத் துணையாறுகளிற் பெரும்பாலானவை அப்பெனைன் மலையிலிருந்தும் வருகின்றன என்ற உண்மை. ஆற்றின் வரலாற்றில் பாதியை இதிலிருந்தே விளக்கிவிடலாம்.

முதலில் ஒரு வெள்ளைத் தாளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு வரையுங்கள். கோட்டுக்கு வடக்கே டிசினோ, அட்டா, ஓலியோ, மின்சோ ஆகிய நான்கையும், அவை ஒவ்வொன்றும் கடந்துவரும் மஜ்ஜோரே, கோமோ, இசேயோ, கார்தா ஏரிகளையும் வரிசையாகக் குறியுங்கள். தெற்கே தனாரோ, திரெப்பியா, செக்கியா, பனாரோ ஆகியவற்றைக் குறியுங்கள். அந்தப் பக்கம் அத்தகைய பெரிய ஏரிகள் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆல்ப்ஸ் ஆறுகள் பனியும் பனியாறுகளும் உருகும் காலத்தில், அதாவது வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் பெருகுகின்றன. வழியிலுள்ள ஏரிகள் அந்தப் பெருக்கைத் தாங்கிக்கொண்டு சீராக வெளிவிடுகின்றன. அப்பெனைன் ஆறுகளோ மழையை நம்பியவை. கோடையில் கூழாங்கற்கள் மட்டுமே தெரியும் அளவுக்கு வற்றி, இலையுதிர்கால மழையில் சில மணி நேரத்தில் காட்டாறாக மாறிவிடுகின்றன. ஆகவேதான் போ ஆற்றில் ஆண்டுக்கு இரண்டு பெருக்குகளும் இரண்டு வறட்சிகளும் காணப்படுகின்றன. "போ ஆற்றின் நீரோட்ட ஒழுங்கை விளக்குக" என்று கேட்டால், இந்தப் படத்தையே விடையின் முதல் பக்கத்தில் வரைந்துவிட வேண்டும்.

வரலாற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதாமல் இதே படத்தின்மேல் எழுதிப் பழகுங்கள். கி.மு. 218 டிசம்பரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியர்களைத் தோற்கடித்த போர் திரெப்பியாக் கரையில் நடந்தது. முந்தைய இரவு பெய்த மழையால் பெருகியிருந்த ஆற்றை, காலை உணவுகூட உண்ணாத ரோமானிய வீரர்கள் மார்பளவு குளிர்நீரில் கடந்து, நடுங்கியபடியே போரில் இறங்கினார்கள். அப்பெனைன் துணையாறு ஒன்று மழைக்கு எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்து, கி.மு. 187இல் பியாசென்சாவிலிருந்து ரிமினி வரை ரோமானியர் அமைத்த எமிலியா பெருவழியைக் குறியுங்கள். அது ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லாமல் அப்பெனைன் அடிவாரத்தை ஒட்டியே செல்கிறது. பார்மா, மோதெனா, பொலோன்யா ஆகிய நகரங்கள் ஆற்றிலிருந்து விலகி அமைந்திருப்பதற்கான காரணத்தையும் இங்கே தேடலாம்: சமவெளியின் நடுவே வெள்ளமும் சதுப்பும் மிகுந்திருந்தன.

துரின் நகரை அடைவதற்குள் ஆறு 1,700 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. அதன்பின் கடல்வரையுள்ள 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இறங்குவதற்கு மீதமிருப்பது 250 மீட்டருக்கும் குறைவே. வேகம் குறைந்த நீர் வண்டலைப் படுகையிலேயே இறக்குகிறது, படுகை மேடாகிறது, மக்கள் கரையை உயர்த்துகிறார்கள், கரைகளுக்கு நடுவே படுகை மேலும் மேடாகிறது. கீழ்ப்பகுதியில் வெள்ளக்காலத்து நீர்மட்டம் சுற்றியுள்ள வயல்களுக்கு மேலே நிற்பது இதனால்தான். இந்தக் காரணச் சங்கிலியை ஒரே மூச்சில் எழுத முடிந்தால், கரை உடைப்புகளை வெறும் ஆண்டுகளாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. 1152இல் ஃபிகரோலோவில் ஏற்பட்ட உடைப்பு முதன்மைக் கிளையை வடக்கே தள்ளியது; ஆற்றுத் துறைமுகமாகச் செழித்திருந்த ஃபெராரா காலப்போக்கில் அந்த நீர்வழியை இழந்தது. 1951 நவம்பர் 14 அன்று ஒக்கியோபெல்லோவில் கரை உடைந்தபோது போலெசினே பகுதி மூழ்கியது. நூறு பேர் அளவில் உயிரிழந்தார்கள், சுமார் 1,80,000 பேர் வீடிழந்தார்கள்.

கழிமுகத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் மனிதன் ஆற்றை மாற்றிய கதை அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வண்டல் தன் காயலை அடைத்துவிடும் என்று அஞ்சிய வெனிஸ் குடியரசு, 1600 முதல் 1604 வரை போர்த்தோ விரோவில் புதிய வாய்க்கால் வெட்டி ஆற்றைத் தெற்கே திருப்பியது. இன்றைய கழிமுகம் பெரும்பாலும் அதன்பின் வளர்ந்த நிலமே. ஆட்ரியாட்டிக் கடலுக்குப் பெயர் கொடுத்த பழைய துறைமுகமான ஆட்ரியா இப்போது உள்நாட்டு நகரம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலத்தடி நீரில் கரைந்திருந்த மீத்தேனை எடுப்பதற்காக அந்த நீரை இறைத்ததால், கழிமுகத்தின் சில இடங்களில் நிலம் 2 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

போ ஆற்றுநீரைப் பாசனத்துக்குக் கொண்டுசெல்ல வெட்டிய கவூர் கால்வாயை (1863–1866) ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். வெர்செல்லி, நோவாரா பகுதி நெல் வயல்களோடு அதைச் சேர்த்துச் சொன்னால் போதும். 2022 வறட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸில் பனி குறைந்ததால் கோடைப் பெருக்குக்கு வழியில்லாமல் போயிற்று, ஏரிகளும் தாழ்ந்தன, எதிர்த்துத் தள்ள ஆற்றுநீர் இல்லாததால் கடல்நீர் கழிமுகத்தின் வழியே 30 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே ஏறியது. இதை விடையில் சேர்ப்பவர்கள் வெறும் செய்தியாக எழுதாமல், முதல் பக்கத்துப் படத்திலுள்ள வடகரை ஆறுகளைச் சுட்டி, எந்தப் பெருக்கு தவறியது என்று குறிப்பிட்டு எழுத வேண்டும்.