அலைத்தொட்டி: பனந்தும்பு காப்பாற்றியது

கண்டத்திட்டில், அதாவது கரையை ஒட்டிக் கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த தரையில், அலையும் நீரோட்டமும் மணலை எப்படி நகர்த்துகின்றன என்று பார்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். ஒருவழியாக அதில் மணல் நகர்ந்துவிட்டது. ஆறடித் தொட்டி, தண்ணீர் 15 செ.மீ., 0.8 நொடிக்கு ஓர் அலை, அலை உயரம் 5 செ.மீ. அலையைத் தள்ளுவது பழைய இரும்புக் கடையில் எடுத்த கார் வைப்பர் மோட்டார்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிரை வாங்கியது எதிர்முனையில் அலையை அடக்க வைக்கும் கரை.

அலை கண்ணாடியில் முட்டித் திரும்பினால் எல்லாம் கெட்டது. போகிற அலையும் வருகிற அலையும் கலந்து நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். மணலும் அதற்கேற்பத் திட்டுத் திட்டாகக் கூடிவிடும். இதைக் கண்டத்திட்டு என்று எந்த மனசாட்சியோடு சொல்வது? ஸ்பாஞ்ச் மிதந்தது. கல்லைக் கட்டி அமுக்கினால் அதுவே சுவராகி அலையைத் திருப்பி அனுப்பியது. மெத்தைக் கடைத் தேங்காய்நார் ஷீட் அலையை நன்றாகவே குடித்தது, ஆனால் ஊறியதும் தண்ணீர் கடுங்காப்பி ஆகிவிட்டது. அடியில் நடப்பதைப் பார்க்கத்தானே கண்ணாடித் தொட்டி!

கைகொடுத்தது பனந்தும்பு, பிரஷ் செய்ய எடுக்கும் முரட்டுத் தும்பு. உடன்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் சும்மாவே கிடைத்தது. ஊறவைத்து, சீவி, பிளாஸ்டிக் வலையில் கட்டி, ஒன்றுக்கு ஆறு என்ற சரிவில் சாய்த்து வைத்தேன். சூட்சுமம் கட்டுவதில்தான் இருக்கிறது: அலை வந்து தொடும் பக்கம் தளர்வாக, பின்னால் போகப் போக நெருக்கமாக. முன்பக்கமே இறுக்கினால் அதுவும் சுவர்தான். இப்போது தொட்டியின் எந்த இடத்தில் ஸ்கேலை வைத்தாலும் அலை உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். இதைப் பீற்றிக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

அப்புறம் வேலை சுலபம். அலை மட்டும் ஓடும்போது மணல்வரிகள் இருபுறமும் ஒரே சாய்வோடு, 2 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் எழுந்தன. கணக்குப்படி அடியில் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடுவது 3.5 செ.மீ.; அதில் 0.65 பங்கு வரி இடைவெளி, சரியாக வருகிறது. ஆனால் வரிகள் இடம்பெயரவில்லை. அலையை நிறுத்தி மீன்தொட்டிப் பம்பை மட்டும் ஓடவிட்டேன். சாயத்துளி நொடிக்கு 5 செ.மீ. போகிறது, ஒரு மணல்கூட அசையவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் அலை கிளப்பிய மணலை நீரோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியது. வரிகள் ஒருபக்கம் சரிந்து, பம்பு தள்ளும் திசையில் நடக்க ஆரம்பித்தன. கிளப்புவது ஒருவர், கொண்டுபோவது இன்னொருவர்.

உவரியில் ஒரு மீனவர் முன்பு சொன்னது இப்போதுதான் உறைக்கிறது: "மேல காத்தே இல்லாத அன்னைக்கும் கீழ கலங்கல்தான் அண்ணாச்சி." காற்று இங்கே அடிக்க வேண்டியதில்லை. ஆழ்கடலில் 10 நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு நீளம் 156 மீட்டர், அதில் பாதி ஆழம் வரை அதன் ஆட்டம் எட்டும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலிலிருந்து கள்ளக்கடலாக, அதாவது இங்கே காற்றில்லாமலே திடீரென்று, வரும் 15 நொடி அலைக்கு நீளம் 350 மீட்டர். அதாவது கண்டத்திட்டின் விளிம்பு வரைக்குமே தரை லேசாகவாவது அதை உணரும். அந்த நேரம் நீவாடும் (கடல் நீரோட்டம்) பலமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, நடந்த மணலை எடைபோடும் வேலை அப்படியே கிடக்கிறது. மனசு அதற்குள் தேரிக்கு, நம்ம பக்கத்துச் செம்மணல் மேட்டுக்கு, போய்விட்டது. வெள்ளை மணல் நடுவே செம்மணலை ஒரு பட்டையாகப் போட்டால் எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். சித்தி தோட்டத்து மண் ஒரு வாளி வந்திருக்கிறது. கழுவக் கழுவச் சிவப்புக் கலங்கல்தான் வருகிறது, களி அடங்க மாட்டேன் என்கிறது. படிகாரம் போட்டால் அடங்கும், ஆனால் மணலோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? யாராவது போட்டுப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். அதுவரை தெளிந்த தண்ணீரை இறுத்து இறுத்துத்தான் கழுவப்போகிறேன்.