புங்கன் இலை போன வழி

அக்டோபர் 14, திங்கள்

ஒரு மணி நேர மழைக்கே வாசலில் கணுக்காலளவு தண்ணீர். அம்மாவின் ஒற்றைச் செருப்பை நான்காவது வீட்டுத் திண்ணையோரம் கண்டெடுத்தேன். இரவு 1100க்கு, முதல்வரின் உதவி மையத்துக்குப் பேசினேன். தெருவிளக்கு எரியவில்லை, புங்கமரக் கிளை மின்கம்பியில் உரசுகிறது, வடிகால் வழிகிறது. மூன்றும் என் வீட்டுக்கு நேரே, பத்தடிக்குள். ஆனாலும் மூன்று புகார், மூன்று எண். சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்துவிட்டது. துலா முழுக்குக்காக, அதாவது ஐப்பசி மாதக் காவிரி நீராடலுக்காக, அம்மா விடியுமுன்பே மயிலாடுதுறை பஸ் ஏறிவிட்டார். விளக்கு எரிகிறது, மூன்றே நாளில் மாற்றிவிட்டார்கள், அதில் குறை சொல்லக் கூடாது. வடிகாலுக்கும் குறுஞ்செய்தி வந்தது: ‘நடவடிக்கை எடுத்து முடிக்கப்பட்டது.’ ஓடிப்போய்ப் பார்த்தேன். கரை நெடுகக் கோலம்போட்டது போல பிளீச்சிங் பவுடர். கீழே தண்ணீர் அசையவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். வெளியே மனு எழுதித் தருபவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். “மூன்று பக்கத்தை யார் படிப்பார்கள் சார்? வடிகால், அடைப்பு, கொசு. அவ்வளவுதான்.” கொசுவைப் பற்றி நான் எழுதவே இல்லை, அவராகச் சேர்த்துக்கொடுத்தார். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. மனு போய்ச் சேரப்போவது, ‘முடிக்கப்பட்டது’ என்று சொன்ன அதே அலுவலகத்துக்குத்தான்.

அக்டோபர் 26, சனி

மின் ஊழியர்கள் வந்து கம்பிப் பக்கத்துக் கிளைகளைக் கழித்தார்கள். மரம் இப்போது ஒரு பக்கம் மட்டும் முடிவெட்டிக்கொண்ட பையன் மாதிரி நிற்கிறது. கழித்ததையெல்லாம் வடிகால் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அள்ளுவது வேறு துறையாம். ஃபிரிட்ஜ் கதவில் நான்காவது எண் ஏறியது.

பக்கத்து வீட்டு அண்ணன் மரத்தையே வெட்டிவிடச் சொல்கிறார். வேர்தான் வடிகாலை அடைக்கிறதாம். 2018 கஜா புயலில் தெருவின் தென்னைகள் சாய்ந்தபோது சாயாமல் நின்றது இந்தப் புங்கன். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றேன். “அதற்கும் ஒரு மனு எழுதேன். உனக்குத்தான் கை பழகிவிட்டதே” என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜூன் 12 மேட்டூர் திறப்புத் தேதியை இன்னமும் பிள்ளையின் பிறந்தநாள் போலச் சொல்வார். அவரை அழைத்துவந்து காட்டினேன்.

“நம் பூமி தாம்பாளம் மாதிரி, தம்பி. வாட்டம் இருப்பதே தெரியாது. ஒரு சாண் வண்டல் படிந்தால் போதும், தண்ணீர் நின்றுவிடும். வாய்க்கால் நிரம்பியிருந்தால் எதிர்த்துக்கொண்டு உள்ளேயும் வரும்” என்றவர், ஒரு புங்கன் இலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது மெதுவாகச் சுழன்றபடி வாய்க்காலை நோக்கி நகர்ந்தது. இரண்டு வீடு தாண்டியது. என் வீட்டுச் சாய்தளத்தின் விளிம்பில் முட்டியது. அங்கேயே நின்று, பிறகு ஓர் அங்குலம் பின்வாங்கியது.

பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. சாய்தளத்தைத்தான் பார்த்தார். “கீழே என்ன குழாய் போட்டீர்கள்?”

ஆறு அங்குலம். ஸ்கூட்டர் ஏற வசதியாக நான்தான் கொத்தனாரை வைத்துக் கட்டினேன், கஜாவுக்கு மறுவருடம். தெருவில் முதல் சாய்தளம் என்னுடையது. என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கட்டினார்கள். மூன்று பக்க மனுவில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நவம்பர் 16, சனி

கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. ஐப்பசிக்குள் வந்து சேர முடியாமல் தாமதித்தவர்கள் காவிரியில் முழுகும் நாள். பொருத்தமான நாளில்தான் வடிகால் தூர்வார ஆட்கள் வந்தார்கள். கடப்பாரையோடு வந்தவர், “உடைக்கட்டுமா சார்?” என்று தயங்கினார். உடைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். சத்தம் விடவில்லை, திரும்பி வந்தேன். குழாய்க்குள் பால் பாக்கெட்டுகள், தேங்காய் மட்டை, சிமென்ட் மூட்டையின் கிழிசல். வேரும் இருந்தது, தலைமுடி கனத்தில் ஒரு கொத்து. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

வாசலைத் தாண்ட ஒரு பலகை போட்டிருக்கிறேன். ஸ்கூட்டர் தெருவில் நிற்கிறது. அம்மா என் கையைப் பிடித்துத்தான் இறங்குகிறார். மரத்தைத் திட்டிய வாயால் இப்போது என்னைத் திட்டுகிறார்.

மாலையில் தூறல். ஓர் இலையைக் கிள்ளிப் போட்டேன். என் வாசலைத் தாண்டி நேராகப் போனது. அண்ணன் வீட்டுச் சாய்தளத்தில் முட்டி நின்றது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.